கொச்சங்காடி போர்டில் ஒரு குடும்பம்

பாக்கியலக்ஷ்மிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அவள் அப்பா முப்பிடாதி மட்டாஞ்சேரி பஜாரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வெங்காய மண்டியில் மூட்டை இறக்கியே தலை நரைத்த மனிதர். மகள் எறணாகுளத்தில் ஏசிக்குக் கீழே உட்காரப் போகிறாள் என்றால் சும்மாவா? அவள் உட்காரவே போவதில்லை என்பது அடுத்த வாரம்தான் வீட்டுக்குத் தெரிந்தது. மார்க்கெட்டிங் என்றால் கால் தேயத் தேய அலைவதாம். இருபத்தொன்பது வயதுப் பெண், ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவில், வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் இடத்தில் கம்பெனிக் குடையை நட்டு, வெயிலில் நின்று நோட்டீஸ் கொடுத்தாள்.

பயிற்சியில் ஒன்றைத்தான் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாவு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. 'ஏதாவது ஒண்ணு ஆயிட்டா' என்றுதான் சொல்ல வேண்டும். கொச்சங்காடிக் கிடங்குகளில் இஞ்சி மூட்டை சுமக்கிற சேட்டன்மாரிடம் அவள் அப்படித்தான் பேசினாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றும் ஆகாவிட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்கத் தெரிந்ததாலேயே நாலு பாலிசி விற்றாள். ஆறு மாதத்தில் யாரிடமும் எதையும் கூசாமல் பேசுகிற வாய் வந்துவிட்டது.

ராமபத்ரனை அவள் கவனித்தது அந்த மழைக்காலத்தில்தான். பாலக்காட்டுக்காரர், கிளெய்ம் பிரிவு, முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. கிடங்குத் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, அவர் மனைவியிடம் செக் கொடுக்க இரண்டு பேரும் போனார்கள். செக் வாங்கும்போது ஒரு போட்டோ எடுத்து வரும்படி அவளுக்கு உத்தரவு. அவள் செல்போனைத் தூக்கியதும், வேண்டாம் என்று ராமபத்ரன் கண்ணாலேயே சொன்னார். அந்தம்மா கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டே, செத்துப்போன மனுஷனைப் பற்றி அந்தம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லை. போட்டோ இல்லாமல் வந்ததற்காக மேனேஜர் வெங்கிடேஸ்வரனிடம் பாக்கியலக்ஷ்மி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. மனசு அந்த சாயா டம்ளருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் குடும்பப் பாலிசி ஒன்று வந்தது. விளம்பரத்துக்கு மாடல்களைக் கூப்பிட்டால் செலவு என்று வெங்கிடேஸ்வரனுக்கு ஒரு யோசனை. ஆபீஸிலேயே ஆள் இருக்கிறார்களே! ராமபத்ரன் புருஷன், பாக்கியலக்ஷ்மி பெண்டாட்டி, கேன்டீன் சேச்சியின் குழந்தை அம்மு மகள். போட்டோக்காரன் விக்கி இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மு அலுத்துப்போய் ராமபத்ரனின் தோளிலேயே தூங்கிவிட்டது. குழந்தையின் தலை சரியாமல் இருக்க பாக்கியலக்ஷ்மி கை கொடுத்தாள். அவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். விக்கி அதைப் பிடித்துவிட்டான்.

அதுதான் போர்டாகி கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றின் மேல் ஏறியது. ஆட்டோக்களின் முதுகிலும் ஒட்டினார்கள். மீன் விற்கிற சேச்சி, கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்லையே என்று சண்டைக்கு வந்தாள். முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஊரு பூரா ஒன் மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேக்கான். நான் என்னன்னு சொல்லட்டும்?"

சொல்லி வைத்தாற்போல் அந்த மாதமே ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குத் திருப்பூரில் வேலை, நல்ல இடம். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் சிக்னலில் முன்னால் ஓர் ஆட்டோ நின்றிருக்கிறது. அதன் முதுகில் நம் பெண், பக்கத்தில் புருஷன், தோளில் பிள்ளை. பையனின் அம்மா கைப்பையிலிருந்து பெண்ணின் போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, நேந்திரங்காய் வறுவல் தின்று, காப்பி குடித்து, எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளை இப்ப யாருகிட்ட இருக்கு?"

முப்பிடாதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளம்பரம் என்று விளக்கினார், சாமி மேல் சத்தியம் செய்தார். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள். பாக்கியலக்ஷ்மியும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளுக்குள் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் தினமும் அந்த போர்டுக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நடந்தாள். படத்தில் பின்னால் ஒரு வீட்டை ஒட்டியிருந்தார்கள், எவனுடைய வீடோ. அந்த வீட்டில் அவள் குடியேறியே விட்டாள். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம், அவர் சட்டையை எந்தக் கொடியில் காயப்போடலாம் என்றெல்லாம் யோசித்தாள். அவர் ஐயர் வீட்டுப் பிள்ளை, மீனை விட்டுவிடுவதா என்று ஒரு வாரம் தன்னோடு தானே சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனாள். பைத்தியக்காரி! அவரோ ஆபீஸில் அவளைப் பார்த்தால் குட் மார்னிங் சொல்வார், பாக்கியலக்ஷ்மி என்று முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவார், பொங்கலுக்கு ஒரு டப்பா உண்ணியப்பம் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த டப்பாவை அவள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய் அவர்கள் சாவைப் பற்றியே பேசுகிறவளுக்கு, இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மார்ச்சில் கணக்கு வருஷம் முடிகிற சமயத்தில் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. ராமபத்ரனைப் பாலக்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அடுத்த வாரம் போகிறார். போவதற்குள் அவரை வைத்து இன்னொரு படம் எடுத்துவிட வேண்டும். இது பென்ஷன் திட்டம். அதே தம்பதி, வயதான பிறகு. வெங்கிடேஸ்வரனுக்கு அந்த யோசனையில் அப்படி ஒரு சந்தோஷம். பாக்கியலக்ஷ்மிக்கு மட்டும் ராத்திரி தூக்கம் போயிற்று. சொன்னால் இந்தப் படத்தன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் பாலக்காடு போய்விடுவார், அவள் குடையை நட்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

இடக்கொச்சியில் காயல் ஓரமாக ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். மேக்கப் போட வந்த பெண் அவள் தலையில் வெள்ளையடித்து, கண்ணோரம் சுருக்கம் வரைந்து, கனமான பருத்திப் புடவை ஒன்றைக் கட்டிவிட்டாள். வந்து பார்த்தால் ராமபத்ரன் கிழவராக உட்கார்ந்திருக்கிறார். நரைத்த புருவம், கையில் ஒரு தடி. அறுபது வயதில் அவர் எப்படி இருப்பார் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்ததுதான். நினைத்ததைவிட நன்றாக இருந்தார். விக்கி தூரத்தில் காமிராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் அவர்கள் இருவர்தான். அவள் காயலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். நெசமாவே இப்படி உங்ககூட இருந்து கெழவியாகணும்னு எனக்கு ஆசை. ஒரு வருசமா இதே நெனப்புதான்."

ராமபத்ரன் திரும்பவில்லை. தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

அவள் காயலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இந்த டிரான்ஸ்பர் கம்பெனி போட்டதில்லை. நானே கேட்டு வாங்கிண்டேன். தினம் அந்த போர்டைத் தாண்டிப் போக என்னாலயும் முடியலை, பாக்கியம். அம்மா முன்னாடி நின்னு ஒரு வார்த்தை பேச எனக்கு தைரியம் இல்லை. அதான் விஷயம்."

நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றார்கள். ஊரார் வீட்டுத் துக்கத்தில் எல்லாம் சம்மணம் போட்டு உட்காரத் தெரிந்தவருக்கு, சொந்த அம்மா முன்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பாக்கியலக்ஷ்மிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முதல் தடவையாகப் பாக்கியம் என்று கூப்பிட்டதே காதில் நின்றது. விக்கி அங்கிருந்து கையை ஆட்டி, அசையாதீர்கள், இரண்டு பேர் முகமும் அருமையாக இருக்கிறது, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவர்கள் மாதிரியே இருக்கிறது என்று கத்தினான். அவர்கள் அசையவில்லை.

படம் முடிந்ததும் ராமபத்ரன் குழாயடிக்குப் போனார். இரண்டு கை தண்ணீரில் நரையெல்லாம் போய் முப்பத்துமூன்று வயது திரும்ப வந்தது. ஸ்கூட்டரில் கொண்டு விடட்டுமா என்று தயங்கிக் கேட்டார். அவள் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். மேக்கப் பெண் கூப்பிட்டபோது, வீட்டில் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே ரோட்டுக்கு வந்தாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்தாள்.

"அம்மச்சி, இவிடெ இருந்நோ."

நான் பாட்டி இல்லை, நரை வெறும் மேக்கப் என்று சொல்லியிருக்கலாம். பாக்கியலக்ஷ்மி உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவள் பையை வாங்கி மடியில் வைத்துக் கொடுத்துவிட்டு, இந்தக் கூட்டத்தில் தனியாகவா வந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள்.

இல்லை மோளே, அவர் வண்டியில் முன்னால் போயிருக்கிறார் என்றாள் பாக்கியலக்ஷ்மி.