ஓட்டை இல்லாத சுவர்

அந்தத் தெருவில் ரசமட்டம் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர் வீட்டுக்காரரே விழிப்பார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அந்தக் கருவி எந்நேரமும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். விருந்துக்குப் போன இடத்திலும் சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். "இவரு தலையில ஒருதரம் வெச்சுப் பாருங்க, குமிழி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்" என்பாள் மனைவி.

ஆனால் வேலை என்று வந்தால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாற்பது வருடக் கை. அவர் பூசிய சுவரில் பல்லி கூட வழுக்கும் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மனிதருக்குத் தலைக்கனம் ஏறிப்போனது. சொன்னால் அவருடைய ஆட்களுக்குக் கோபம் வரும்; இருந்தாலும் உண்மை அதுதான்.

அவருடைய ஒரே தங்கையின் வீடு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. மண் சரியாமலிருக்க வீட்டின் பின்னால் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தார். பூச்சு நடந்துகொண்டிருந்த அன்று தங்கை தேநீர் கொண்டுவந்தாள்.

"அண்ணா, மண்ணுல ஊறுற தண்ணி வெளிய வர ஓட்டை விட வேணாமா? பக்கத்து வீட்டுச் சுவருல விட்டிருக்காங்களே."

"பக்கத்து வீட்டுல கட்டினவனுக்குப் பூசத் தெரியாது. என் சுவருல ஓட்டையா? நல்லா சொன்னே போ."

அண்ணன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. மறுபேச்சு பேசாமல் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு வருடம் சுவர் நின்றது. ஏழாவது வருடம் புயல் வந்தது. மூன்று நாள் விடாமல் மழை. மேட்டில் ஊறிய தண்ணீருக்குப் போக வழியில்லை. மொத்தச் சுவரையும் பின்னறைக்குள் தள்ளிவிட்டது. அறையில் தங்கையின் ஏழு வயது மகள் படித்துக்கொண்டிருந்தாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு கூடியபோது அந்தக் கால் ஓர் அங்குலம் குட்டையாகிப் போயிருந்தது.

தங்கை அவரைத் திட்டவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்; வீட்டுக்குப் போனால் முன்போலவே தேநீர் கொடுத்தாள்; மருந்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாள். ஓட்டையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. "உன்னாலதான்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பார். அந்த வழியையும் அவள் அடைத்து வைத்திருந்தாள்.

அதே மழையில் தெருக்கோடியில் மூன்று வீடுகள் சரிந்திருந்தன. நல்லவேளை, முந்தின நாளே ஆட்கள் வெளியேறிவிட்டார்கள். திரும்பி வர மனமில்லாமல் இடத்தைத் தெருவுக்கே விட்டுவிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் போடலாம் என்று ஆரம்பித்து வைத்தவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவே மண்வெட்டியோடு கூடியது. தையல்காரம்மா பழைய டயர்களுக்குச் சாயம் அடித்தார். இடிபாட்டில் கிடைத்த நல்ல குழாய்களை எலக்ட்ரீஷியன் பொறுக்கி வைத்தார். கட்டுமானம் முழுவதும் ரசமட்டத்தின் பொறுப்பு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருமகள் இங்கே விளையாட வேண்டும். அதைத் தங்கை பார்க்க வேண்டும். அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

சூடு கண்ட பூனை அல்லவா? ஊஞ்சல் கம்பத்துக்கு இடுப்பளவு குழி வெட்டினார். உயரே ஆடக் கூடாதென்று கம்பத்தைக் குட்டையாக்கி, சங்கிலியைப் பாதியாக வெட்டிப் போட்டார். சறுக்குமரம் ஆறடி என்று பேச்சு. இவர் கையில் அது மூன்றடியாகச் சுருங்கி, சாய்வும் இல்லாமல் போனது. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான், அதில் சாணுக்கு ஓர் ஓட்டை விட்டார்.

"ஏம்ப்பா ரசமட்டம், இது சுவரா சல்லடையா?" என்றார் ஓட்டுநர். "இந்தச் சறுக்குமரத்துல படுத்துத் தூங்கலாம் போலிருக்கே!"

பிள்ளைகளும் வந்து சொன்னார்கள், இன்னும் உயரமாக வேண்டும் என்று. "விழுந்தா யாரு பதில் சொல்றது? போங்க, போங்க" என்று விரட்டினார். ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. குமிழி எல்லா இடத்திலும் நடுவில் நின்றது.

திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. அடுத்த வாரம் நாலைந்து பிள்ளைகள். மூன்றாம் வாரம் ஈ காக்கை இல்லை. எல்லாரும் தங்கை வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்த இடிபாட்டின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சுவரின் இடிபாடு என்று சொல்ல வேண்டியதில்லை. மருமகள் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரசமட்டத்துக்கு ரத்தம் கொதித்தது. "இறங்குங்கடா! உங்களுக்காகத்தானே அங்க மாடு மாதிரி உழைச்சேன்!"

பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். பின்வாசலில் நின்ற தங்கை படியிறங்கி வந்தாள்.

"ஓட்டை வேணும்னு நான் கேட்டேன். நீ கேக்கலே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "உயரம் வேணும்னு இதுங்க கேட்டுச்சு. இப்பவும் நீ கேக்கலேண்ணா."

மாதக்கணக்கில் அவர் எதிர்பார்த்திருந்த பேச்சு வந்துவிட்டது. காலில் விழத் தோன்றவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். அன்று தேநீர் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மருமகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீ ஏம்மா அந்தச் சறுக்குமரத்துல ஒரு நாள்கூட ஏறலே? பயமா?"

"பயமெல்லாம் இல்ல மாமா. பிடிச்சுக்க இடமில்ல."

"கைப்பிடி வெச்சிருக்கேனே!"

"அது வலது பக்கம். எனக்கு இந்தப் பக்கம்தானே வேணும்" என்று இடது காலைத் தட்டிக் காட்டினாள்.

சறுக்குமரத்தின் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. வலது கைப் பழக்கமுள்ள கொத்தனார், தன் கைக்கு வாகான பக்கத்தில் வைத்திருந்தார். ஆறு மாதமும் இவளுக்காகவே கட்டினார். இவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை.

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்ககிட்ட சொல்லலாம்னேன். அம்மாதான், மாமா கேக்கமாட்டாருன்னாங்க."

ரசமட்டம் இடுப்பிலிருந்த கருவியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். குமிழி எந்தப் பக்கம் ஓடியது என்று குனிந்து பார்க்கவில்லை.

"சொல்லும்மா," என்றார். "எவ்வளவு உயரத்துல வேணும்?"

அவள் எழுந்து, குட்டைக் காலை ஊன்றி நின்று, இடது கையை நீட்டிக் காட்டினாள்.