வடிவாக ஒரு கையெழுத்து

மயிலாப்பூரில் தெருவில் இறங்கி நடந்தால், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் ஆறு வேலிகளைத் தாண்டுவதற்குள் ஆறு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குடை கொண்டுபோனால் ஏன் என்று ஒரு கேள்வி, கொண்டுபோகாவிட்டால் இன்னொரு கேள்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் ஆசிரியப் பயிற்சிக்காக மதராசுக்கு வந்த புதிதில், கேள்வியே இல்லாத இந்தத் தெருக்களில் நடப்பது கால்களுக்கு இதமாக இருந்தது. அதைச் சுதந்திரம் என்று வீட்டுக்கு எழுதினேன்.

அதற்கு வேறு பெயரும் உண்டு என்று லஸ் முனையில் தெரிந்துகொண்டேன். பங்குனி வெயிலில் ஒரு மீன்காரி கூடையோடு மயங்கி விழுந்தாள். ட்ராம்காரர் மணியடித்தார். வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கி, அவளைத் தூக்கித் தண்டவாளத்துக்கு வெளியே வைத்தார்கள். கூடையையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். ட்ராம் போய்விட்டது. சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தார்கள். நான் சோடா வாங்கி முகத்தில் கொஞ்சம் தெளித்து, மீதியைக் குடிக்கக் கொடுத்தேன்.

"எவ்விடம் இருக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்ற? நீ மலையாளமா?"

"இல்லை, தமிழ்தான். யாழ்ப்பாணம்."

"அங்கயும் தமிழு கீதா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அவள் பெயர் சவரியம்மா. சாந்தோம் மாதா கோயிலுக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த ஆறு குடிசைகளில் ஒன்று அவளுடையது. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். இரண்டு பெண்பிள்ளைகள். தன் மாமியாரும் அந்தக் குடிசைக்குத்தான் வாழவந்தாள் என்று சொல்வாள்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி மயிலாப்பூர் ஊரைவிட்டுப் போயிருந்தது. பயிற்சிப் பள்ளியின் பின்வராந்தா காலியாகக் கிடந்ததால், அங்கே மீன்காரப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுமதி வாங்கினேன். என்னோடு படித்தவர்கள் சிரித்தார்கள். இங்கே யாரும் எதற்கும் அசைய மாட்டார்கள், நானாவது ஏதாவது செய்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் சவரியம்மா மட்டும் வந்தாள்.

"எம்பேர எயுதக் கத்துக் குடு, அது போதும்," என்றாள். "கைநாட்டு வெச்சா அந்த மை போவவே மாட்டேங்குது டீச்சரம்மா. மீன் வாங்க வர்றவங்க வெரலப் பாத்து மூஞ்ச சுளிக்கிறாங்க."

முதலில் எழுத்துகள், பிறகு சொற்கள் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. ஆனால் கையெழுத்து சீக்கிரம் வரும், பார்க்கிறவர்களுக்கும் காட்டலாம். அதையே கற்பித்தேன். 'ரி'யின் சுழி மட்டும் அவளுக்கு வெகுநாள் வரவில்லை. வந்த அன்று சிலேட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பெயரைத் தவிர அவளால் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. பயிற்சிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், 'சவரியம்மா என்னும் மீனவப் பெண் ஆறு மாதத்தில் சரளமாக எழுதப் படிக்கக் கற்றாள்' என்று எழுதினேன். பள்ளியின் ஆண்டு மலரில் அதை அச்சிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் காலை ஒரு தாளோடு வாசலில் நின்றாள்.

"இத்தப் படிச்சுச் சொல்லேன் டீச்சரம்மா. எடத்துக்காரரோட குமாஸ்தா குட்த்தாரு, கையெயுத்து வெக்கணுமாம். சாயந்தரம் வந்து வாங்கிக்கினு பூடுவாராம்."

நான் தியாகராய நகர் பள்ளி ஒன்றில் இன்ஸ்பெக்டர் முன்னால் மாதிரிப் பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்தேன். கையில் உலகப் படச் சுருள். மடிப்புக் கலையாத சேலை. தாளை வாங்கினால் சேலையில் மீன் வாடை ஏறும் என்று நினைத்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நேரமில்லை சவரியம்மா. வடிவாப் பாத்துப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்களூரில் 'வடிவாக' என்றால் கவனமாக, நன்றாக என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவள் சந்தோஷமாக வந்தாள்.

"நீ சொன்ன மாரியே அயகா வெச்சேன் டீச்சரம்மா. 'ரி' கூட நல்லா வந்துச்சு. குமாஸ்தாவே மெச்சிக்கினாரு."

இடத்துக்காரரின் தயவில் குடியிருக்கிறேன், கேட்கும்போது உரிமை எதுவும் கோராமல் காலி செய்கிறேன் என்பது அந்தத் தாளில் இருந்த வாசகம். மற்ற ஐந்து குடிசைக்காரர்களும் கைநாட்டு வைத்திருந்தார்கள். காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் வழக்குப் போட்டபோது, கைநாட்டு வைத்தவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை என்று நீதிபதி அந்த ஐந்து தாள்களையும் தள்ளிவிட்டார். சவரியம்மாவின் தாளில் சுத்தமான கையெழுத்து இருந்தது. இடத்துக்காரரின் வக்கீல் ஆண்டு மலரையும் நீட்டினார்.

அதற்கு முந்தின வாரம் அவள் புருஷன் என்னைத் தேடி வந்திருந்தான். "அதுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீ ஒரு வார்த்த வந்து சொன்னா போதும்னு வக்கீலு சொல்றாரும்மா," என்றான். பயிற்சிப் பள்ளித் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன்.

"போய்ச் சொல்லலாமே," என்றார் அவர். "அப்போ உன் அறிக்கை பொய். சான்றிதழை நான் திருப்பி வாங்கிக்கணும்."

நான் போகவில்லை. அன்று காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சுகமான உடம்போடு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

தீர்ப்பின்படி சவரியம்மாவின் குடிசையைப் பிரித்தபோது மற்ற ஐந்து வீட்டாரும் மணலில் நின்று பார்த்தார்களாம். இன்னும் முடியாத தங்கள் வழக்கு கெட்டுவிடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அவர்களை அங்கிருந்து கிளப்புவதற்காக இடத்துக்காரர் ஐவருக்கும் வேறு மனை கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் அடையாற்றுக்கு அப்பால் நாத்தனார் குடிசையின் தாழ்வாரத்துக்குப் போனாள்.

ரேஷன் வந்த பிறகு ஒருமுறை கடை வரிசையில் அவளுக்கு நாலு பேர் பின்னால் நின்றேன். கடைக்காரர் பேனாவை நீட்டி, "கையெழுத்து வருமா?" என்றார். "தெரியாது சாமி," என்று சொல்லி, கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள். திரும்பியபோது என்னைப் பார்த்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. அந்தச் சான்றிதழால் இங்கேயே வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்தபின் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் சிலோன்காரிக்கு, அறை கொடுக்க ஆளில்லை. பல வாரம் அலைந்தேன். கடலோரத்தில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் மேல் அறையை ஆசிரியைகளுக்கு விடுவதாகக் கேள்விப்பட்டேன். எந்த இடம் என்று தெரிந்துதான் போனேன்.

குடிவந்த மாதமே, வாசலில் கூடையை இறக்கிவைத்தவள் சவரியம்மா.

"இங்கயா கீற டீச்சரம்மா?"

"ஆமாம். மேலே."

அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"காத்து நல்லா வரும்," என்றாள். "நாங்க இந்த எடத்துல இருந்தப்ப கதவே சாத்த மாட்டோம்." பிறகு உட்கார்ந்து, நான் கேட்ட மீனைச் செதிள் சீவிக் கொடுத்தாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். நல்ல இடம் கிடைத்ததா என்று அம்மா கேட்டு எழுதியிருந்தார். நல்ல அறை, காற்று நன்றாக வருகிறது என்று பதில் எழுதினேன். அறைக்குக் கடல் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். அதில் முகத்தை வைத்துத் தெற்கே பார்த்தால், தண்ணீருக்கு அப்பால் நம்முடைய ஊர் இருக்கும் திசை. அவள் குரல் தெருமுனையில் கேட்டதும் அந்த ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அவள் மீன் விற்றுப் போகும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.