வேம்புலியம்மாள் உள்ளே வந்துவிட்டார்

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. அண்ணனூர் ஸ்டேஷனைத் தாண்டி இருக்கும் அந்தப் பதினான்கு மாடிக் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. வேம்புலியம்மாள் செத்து ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் அங்கே வேலைக்குப் போகிறாள்.

போவது அவளுடைய தம்பி பெண்சாதி லோகநாயகி. வேம்பு காய்ச்சலில் படுத்தபோது, "ரெண்டு நாளு நீ போய்ட்டு வா லோகு. லீவு போட்டா வேற ஆளு வெச்சிடுவாங்க" என்று தன் கேட் நம்பரைச் சொல்லி அனுப்பினாள். அந்த நம்பரைச் சொன்னால்தான் செக்யூரிட்டி விடுவார். சொன்னதும் வீட்டுக்கார அம்மாளின் போனில் 'வேம்புலியம்மாள் உள்ளே வந்துவிட்டார்' என்று செய்தி விழும்.

முதல் நாள் ஒன்பதாம் மாடியில் வீட்டுக்கார அம்மாள் சரசா மேடம் காதில் ஹெட்செட்டோடு லேப்டாப் முன்னால் இருந்தார். லோகு விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "வேம்பு, குக்கர் அடிபிடிச்சிருக்கு, ஊற வச்சுத் தேய்ச்சிடு" என்றார். தலை நிமிரவில்லை. லோகு வேம்புவைவிட ஒரு சாண் குள்ளம். முகத்தில் மாஸ்க் இருந்தது உண்மைதான். கொரோனா போயே போய்விட்டது, அங்கே வேலைக்காரப் பெண்களுக்கு மட்டும் மாஸ்க் கழன்றபாடில்லை. இருந்தாலும் உயரமும் குரலும்கூடவா தெரியாது? எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேம்பு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தவன். பன்னிரண்டாவது படிக்கும் மகள் கவிப்பிரியாவை லோகுவும் அவள் புருஷன் துலுக்கானமும் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். துலுக்கானத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை, கூப்பிட்டால் உண்டு. பெண்ணின் படிப்பு வேம்புவின் வேலையை நம்பித்தான் இருந்தது.

திங்கட்கிழமை லோகு உண்மையைச் சொல்லத்தான் போனாள். கதவைத் தட்டப் போகும்போது, கேட்டிலிருந்து போன செய்தி தாமதமாக உள்ளே மேடத்தின் போனில் ஒலித்தது. செத்தவள் வந்துவிட்டாள் என்று சொல்கிற சத்தம். லோகு மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்புறம் அவள் வேம்புவாகவே போய்வந்தாள். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வேம்புவின் டம்ளர் தனியாகக் கவிழ்த்திருக்கும், அதில்தான் டீ. சரசா மேடம் கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் பேசுவார். அந்த அன்புதான் லோகுவை மிரட்டியது.

"இருமல் நின்னுடுச்சு போல, வேம்பு?"

"நின்னுபோச்சும்மா."

"பொண்ணு உன் பேச்சைக் கேக்குறாளா?"

"கேக்குறாம்மா."

தீபாவளிக்கு வேம்புவுக்குப் பிடித்த கிளிப்பச்சையில் புடவை கொடுத்தார். லோகு அதைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, கவிப்பிரியா தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன வாரம் குடியிருப்பு வாசலில் முகம் பார்க்கும் மெஷின் வைத்தார்கள். இனி நம்பர் செல்லாது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த போட்டோவோடு முகம் ஒத்துப்போனால் பச்சை விளக்கு. லோகு நின்றாள். திரையில் ஒரு பக்கம் அவள் முகம். மறுபக்கம் வேம்பு சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எரிந்தது. மறுபடியும் சிவப்பு.

புதிதாக வந்த செக்யூரிட்டி குணசேகரன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீ இல்லியேம்மா" என்றார். ஒன்பதாம் மாடிக்குப் போன் போட்டார்.

வேலை போய்விடும், போலீஸ் என்பார்கள், கவிப்பிரியாவின் காலேஜ் அதோடு சரி. ஆனால் லோகுவுக்குப் பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்ததாம். இன்றோடு முடிந்தது, இனியாவது வேம்பு மண்ணுக்குள் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று நினைத்தாளாம்.

சரசா மேடம் இறங்கி வந்தார். போட்டோவைப் பார்த்தார். மாஸ்க் இல்லாத லோகுவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"மெஷின் சரியில்லைங்க. இவ எங்க வேம்புதான். அஞ்சு வருஷமா வீட்டுக்குள்ள வந்து போறவ, எனக்குத் தெரியாதா? கொஞ்சம் இளைச்சிருக்கா, அவ்வளவுதான். அந்தப் பழைய போட்டோவைத் தூக்கிட்டுப் புதுசா ஒண்ணு எடுங்க."

குணசேகரன் பொத்தானை அழுத்தினார். வேம்புவின் சிரிப்பு திரையிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் லோகுவின் முகம் வந்தது, அடியில் வேம்புலியம்மாள் என்ற பெயரோடு. பச்சை எரிந்தது. மேடத்தின் கையில் போன் ஒலித்தது.

மெஷின் விஷயம் கேள்விப்பட்டு, சாயங்காலம் துலுக்கானம் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இன்னா ஆச்சு? வேலை கீதா, போச்சா?"

லோகு முந்தானையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். உள்ளே சுவரில் மாலை போட்டிருந்த வேம்புவின் படத்தைப் பார்த்தாள்.

"வேலை கீதுய்யா. உங்கக்கா நல்லாத்தான் கீறா" என்றாள். "லோகநாயகிதான் செத்துப்பூட்டா."