பூட்டம்மாவின் பத்து நாள்

மலைப்பூங்காவில் கூடாரம் போடும் இடத்தில் பதினெட்டு இரும்புக் குப்பைத்தொட்டி. கரடி திறக்காதபடி அவற்றைப் பூட்டி வைப்பது என் வீட்டுக்காரியின் வேலை. இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து. அங்கே சாமான் ஏற்றி வேன் ஓட்டுகிற நாங்கள் வைத்த பெயர் பூட்டம்மா. வைத்தவர்களில் நானும் ஒருத்தன்.

போன வருஷம் ஒரு தாய்க்கரடி, யாரோ விட்டுப்போன ரொட்டியில் ருசி கண்டுவிட்டது. தினமும் குட்டியோடு இறங்கியது. வனத்துறை ரேஞ்சர் வந்தார்.

"பத்து நாள் பாக்குறேன்மா. அப்பவும் வந்தா கூண்டுதான். அப்புறம் ஆயுசுக்கும் வெளிய விடமாட்டாங்க."

"குட்டி?"

"அதுக்குத் தனிக் கூண்டு."

"பத்து நாள் போதும் சார்" என்றாள். வாய் நீளம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தங்க வந்தவர்களின் பைகளை அவள் சோதிக்காமல் கூடாரத்தில் ஒருத்தரும் படுக்க முடியவில்லை. வாசனை வரும் என்று பல்பசைகூட அவள் பூட்டுகிற இரும்புப் பெட்டிக்குள் போனது.

"நான் யாரு தெரியுமா?" என்றார் ஒரு பெரிய மனுஷர்.

"எனக்குத் தெரியும் சார். கரடிக்குத் தெரியாது."

ஆறாம் நாள் காலையில் என் வேன் கதவில் நகக்கீறல். சீட்டுக்கு அடியில் கைவிட்டு அரை பாக்கெட் பிஸ்கட்டை எடுத்தாள்.

"இது என்னங்க?"

"மறந்துட்டேன்."

"பத்து நாள் முடியுற வரைக்கும் வண்டி கீழ் கேட்டைத் தாண்டக் கூடாது. சாமான் மூட்டையைத் தூக்கிட்டு நடந்து வாங்க."

"அண்ணே, உங்களையும் பூட்டிட்டாங்களா?" என்று மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் நடந்தேன்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் கரடி வந்தது. நாங்கள் இருவரும் காவல் அறை ஜன்னலில் நின்றோம். ஒவ்வொரு தொட்டியாக இழுத்தது, உலுக்கியது. ஒவ்வொன்றுக்கும் இவள் என் கையை நசுக்கினாள். பதினெட்டும் அசையவில்லை. என் வேன் நின்ற இடத்தைக் குட்டி முகர்ந்து பார்த்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. சாத்தின கடை முன்னால் நிற்கிற ஆள் மாதிரி கரடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காட்டுப்பழம் பழுத்திருந்த மேல்சரிவைப் பார்த்து ஏறியது. குட்டி பின்னால் ஓடியது.

பத்தாம் நாள் வரவில்லை. மதியம் வரை காத்திருந்த ரேஞ்சர், கூண்டு வண்டியைக் காலியாகவே கீழே அனுப்பினார்.

"இனி வேனை மேல கொண்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் பத்தாம் நாள்தாங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்களிடம் எல்லாம், மேலே சாவிக்கொத்தோடு நிற்பது என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.