ஈரக் கை

போன வாரம் என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டு நின்றாள். முந்தின நாள் காய்ச்சல். "விட்டுடுச்சும்மா, தொட்டுப் பாரு" என்று நெற்றியைக் காட்டினாள். குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் காதோரத்து முடி ஈரமாக இருந்தது. நான் அழுததைப் பார்த்துப் பயந்து அவளே பையை இறக்கி வைத்துவிட்டாள். ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார் கணவர்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசாங்கத்தில் மண் பரிசோதிக்கும் வேலை. ஏரிக்கரைக்குப் போடும் களிமண் எவ்வளவு ஈரம் வரை குழைந்து நிற்கும், எப்போது உதிரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஈர மண்ணைக் கண்ணாடிப் பலகையில் உள்ளங்கையால் மெல்லிய திரியாக உருட்டுவார். பிசைந்து மறுபடி உருட்டுவார். கைச்சூட்டில் ஈரம் வற்றி ஒரு கட்டத்தில் திரி வெடித்து உதிரும். அப்போது மிஞ்சியிருக்கும் ஈரம்தான் கணக்கு.

வேலை அதிகமான நாட்களில் பலகை வீட்டுக்கு வரும். அம்மாவும் உருட்டுவாள். "சேறு உருட்டவா என்னைக் கட்டிக்கினு வந்தீங்க?" என்பாள்.

அந்த வருஷம் தீபத்துக்கு வீடு நிறைய உறவினர்கள். "அப்படியே எண்ணெயில போடுங்க அண்ணி, பலகாரம் ஆச்சு" என்று அத்தை கேலி செய்துகொண்டிருந்தாள். அம்மாவின் திரி உருட்டிய உடனே உதிர்ந்தது. அதே மண்ணை அப்பா உருட்டினார், நின்றது. பலகையை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார்.

"இன்னாடி, கை இப்படிக் கொதிக்குது! எத்தினி நாளா?"

"ஜனங்க ஊருக்குப் போவட்டும்னு இருந்தேங்க."

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். இதயத்தில் கோளாறு, மறுபடி காய்ச்சல் கண்டால் உடனே கூட்டி வரவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சின்னப் பெண்ணான என்னை விட்டுவிட்டு இன்னொரு முறை ஆஸ்பத்திரியில் படுக்க மாட்டேன் என்றாள் அம்மா. தெர்மாமீட்டரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதன் பிறகு அப்பா தினமும் சாயங்காலம் பலகையோடு வந்தார். "வேலை ஜாஸ்தி, கொஞ்சம் உருட்டிக் குடு." திரி நீண்டால் அவர் முகம் தெளியும். ஊர் ஏரிக்கரைக்காக இவ்வளவு கவலைப்படும் அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பலகை முன் உட்காருவதற்கு முன்னால் அம்மா பின்பக்கம் போய், தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கைகளை அமிழ்த்திக்கொண்டு வெகுநேரம் நிற்பாள்.

"சேத்துலதானே கை வெக்கப் போற, எதுக்கும்மா கழுவற?"

"சும்மா இருடி, பெருசா வந்துட்டா கேக்க" என்று சிரிப்பாள். துடைக்காமலே உள்ளே வருவாள். திரி உதிராமல் நீளும்.

பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

மண்ணில் ஒரு சொட்டு நீர் கூடினாலும் விரல் நுனியில் கண்டுபிடிக்கும் அப்பா, அவள் கையிலிருந்து பலகையில் சொட்டியதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அம்மா ரொம்பச் சுத்தக்காரி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.