பிரேக் அக்காவும் இனிப்பு மாத்திரையும்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளைப் பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருடமாக, கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில், தன் பக்கமிருக்கும் பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே காலம் தள்ளியவள். லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர், எதிரே வருபவரோடு வாதாடும் வக்கீல் என்று எத்தனையோ பேரைத் தேற்றிவிட்டிருக்கிறாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் வயிறு தீயாய் எரிந்தது.

அதற்கு ஒரு மாத்திரை. புதினா மணம், மென்றால் இனிப்பு, இரண்டே நிமிடத்தில் நெஞ்சு குளிரும். முதலில் நாளுக்கு இரண்டு போட்டாள். பிறகு ரவுண்டானாவுக்கு ஒன்று என்றானது. போதாததற்கு, "அம்பதைத் தாண்டிட்டே, எலும்பைப் பாத்துக்கோ" என்று தங்கை கால்சியம் மாத்திரை டப்பா ஒன்றைக் கையில் திணித்தாள். அதில் வேளைக்கு ஒன்று.

சில மாதத்தில் அடங்காத தாகம் வந்தது. குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியே போயாக வேண்டும் என்று அடம்பிடித்தது; வழியிலிருந்த பெட்ரோல் பங்க் கழிப்பறைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மற்றது மட்டும் நான்கு நாளானாலும் வருவேனா என்றது. குமட்டியது. வயிற்றுக் கோளாறுதான் என்று இன்னும் நாலு மாத்திரை மென்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓட்டியவர் அறுபது வயது டெய்லர். லைசென்ஸ் டெஸ்டில் நான்கு தடவை தோற்றவர்.

"இடது பக்கம் திரும்புங்க" என்றாள், வலது பக்கம் கையைக் காட்டி.

"எந்த இடது, டீச்சர்?"

"இருக்கறதுலயே நல்ல இடதாப் பாத்துத் திரும்புங்க."

டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து அவள் சிக்னல் கம்பத்தைப் பார்த்து, "நீங்க முதல்ல போங்க, பரவாயில்லை" என்று கும்பிட்டாள். தலை கண்ணாடியில் சாய்ந்தது. கால் பிரேக்கிலிருந்து நழுவியது. இனி இந்த வண்டிக்குத் தான் ஒருவன்தான் பொறுப்பு என்பது டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், தூங்காதீங்க! நான் ஃபெயிலானவன்!"

பளீரென்ற வெயிலில் வைப்பர் ஆட, இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் மின்ன, ஹார்ன் அலற, வண்டி ஆமையாய் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. "தோளைத் தளர்த்துங்க" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள் அவள். அவசரப் பிரிவின் வாசலில் கோட்டுக்குள் கச்சிதமாக வண்டியை நிறுத்திவிட்டு, டெய்லர் இறங்கி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கே நம்ப முடியவில்லை.

ரத்தத்தில் கால்சியம் எகிறிக் கிடந்தது. சிறுநீரகமும் களைத்திருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைம்மா?" என்றார் டாக்டரம்மா.

"எதைக் கேக்கறீங்க? பையில இருக்கறதா, வண்டியில இருக்கறதா, தலையணைக்கு அடியில இருக்கறதா?"

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த அவள் வீட்டுக்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, இருபதில் நிறுத்திக்கொண்டார்.

"அது வெறும் மிட்டாய் மாதிரிதானே, டாக்டர்?"

"அந்த மிட்டாயே கால்சியம்தாம்மா. அதுக்கு மேல தங்கச்சி கொடுத்த கால்சியம் வேற. எல்லாத்தையும் இன்னியோட நிறுத்துங்க."

மாத்திரைகள் நின்றன, நரம்பு வழியே பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏறியது. மூன்றாம் நாள் தலை தெளிந்தது. தன்னைக் கொண்டுவந்தது யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பார்க்க வந்த தங்கைக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"விடுடி. எலும்பு நல்லாத்தான் இருக்காம்."

எரிச்சலுக்கு டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார், காலையில் ஒன்றே ஒன்று. தினமும் ரத்தம் பார்த்தார்கள். சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறி வந்தது.

ஆறாம் நாள் டாக்சியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, வரி தெரியாத ஒரு பாட்டை உரக்கப் பாடினாள்.

வீட்டுக்காரர் பதறினார். "ஏம்மா, இன்னும் தலைக்குள்ள ஏதாவது மிச்சமிருக்கா?"

"இல்லைங்க" என்றாள். "இது நானேதான்."