உயிர் காலேஜ்

சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில் இக்னேஷியஸ் என்றொரு மரச்சிற்பி இருந்தார். சுற்றுவட்டாரத்து மாதா கோயில்களில் எந்தச் சுரூபத்துக்கு விரல் உடைந்தாலும், எந்தச் சம்மனசுக்குச் சிறகு ஒடிந்தாலும் அவர் உளியைத்தான் தேடி வரவேண்டும். அதில் வருகிற வருமானத்துக்கு மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம். ஊர் முழுக்க எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த அந்த எழுபதுகளில், வீடு வீடாகப் போய்ப் பரணில் கிடக்கும் மரச்சாமான்களைக் கேட்டு வாங்கி வருவார். பழைய முறுக்கு உரலைக் கொடுத்தால் புது முக்காலி செய்து தருவார். கொடுத்தவர்களுக்குக் கொண்டாட்டம், அவருக்கு அதைவிடக் கொண்டாட்டம்.

பூ வேலை செய்த முறுக்கு உரல்கள், மத்துகள், பல்லாங்குழிகள், அஞ்சறைப் பெட்டி, கிளி தொங்கும் தொட்டில் கட்டை என்று வீட்டின் முன்னறை நிறைந்துவிட்டது. வாசலில் தேக்குப் பலகையில் தாமே செதுக்கி மாட்டினார்: ‘நாட்டுப்புற மரக்கலை மியூசியம். தொடாதீர்கள்.’ அந்த எழுத்தின் சுழிகளைப் பார்ப்பதற்காகவே ஒருதரம் அந்தச் சந்துக்குப் போகலாம்.

சந்துக்காரர்கள் சுழியையா பார்த்தார்கள்? பட்டணத்து ஜனங்களுக்கு எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. ஆகவே இக்னேஷியஸ் வீடும் செத்த காலேஜ் ஆகிவிட்டது. “இன்னா நைனா, செத்த காலேஜுக்கு புச்சா இன்னா வந்துகீது?” என்று ரிக்‌ஷாக்காரர் வெள்ளைத்துரை தினமும் விசாரிப்பார். இக்னேஷியஸுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் சிரித்துவிடுவார். அவரே சிரிப்பதால் யாரும் நிறுத்தவில்லை.

அந்த அறையில் முதல் இடம் ஒரு நடைவண்டிக்கு. கல்யாணமான புதிதில் பூவரச மரத்தில் அவர் செய்தது. மூன்று சக்கரம், பிடியின் இரு முனையிலும் இரண்டு கிளி. பிள்ளை பிறக்கவில்லை. வண்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. துணைக்கு ஒரு மத்தை வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார், பிறகு ஒரு உரல். மியூசியம் அப்படித்தான் தொடங்கியது. இது அவருக்கும் மனைவி ஃப்ளோராவுக்கும் மட்டுமே தெரியும்.

எழுபத்து நாலாம் வருஷத்து மழையில் கூரை ஒழுகிற்று. சாமான்களில் பூசணம் பிடித்தது, கரையானும் எட்டிப் பார்த்தது. நல்லவேளையாக மந்தைவெளியில் ஒரு வாசகசாலையின் மாடி காலியாக இருந்தது. வாசகசாலையின் காரியதரிசி சிதம்பரநாதன், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. மியூசியத்துக்கு அந்த மாடியைத் தரும்படி இக்னேஷியஸ் அவரிடம் போய்க் கேட்டார். அதே மாடியை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரரும் கேட்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன். மனசுக்குப் பிடிச்சா சாவி உங்களுக்கு. இல்லேன்னா டைப்ரைட்டிங்காரருக்கு” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இன்னொரு மழையை அந்தச் சாமான்கள் தாங்காது. இக்னேஷியஸ் வாரம் முழுவதும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்தார்.

அந்த ஞாயிறு தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து, சூசையப்பர் சுரூபத்தின் விரலையும் ஒட்டிவிட்டு அவர் வீடு திரும்பினால், முன்னறை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது.

“ஃப்ளோரா! சாமான்லாம் எங்க?”

“தீவாளி ஆச்சே. கேட்டாங்க, குடுத்தேன்.”

“போர்டு போட்டுகீறேனே, படிக்கலியா?”

“தொடாதீங்கன்னுதான் போட்டுகீது. எரவல் கேக்காதீங்கன்னு போடலியே.”

அவர் கண் நடைவண்டி இருந்த இடத்துக்குப் போனது. அதுவும் இல்லை.

“ஜமீலுன்னிசா கொயந்தைக்குக் குடுத்தேன். நிக்குது, நடக்க மாட்டேங்குது” என்றாள் ஃப்ளோரா.

“அத்த யாரக் கேட்டுக் குடுத்தே?” அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதே இல்லை.

“யாரக் கேக்கணும்? அது எனக்கும் சேத்துத்தானே செஞ்சது?”

இக்னேஷியஸ் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே நுழைந்தார்.

வெறும் அலமாரிகளை மேலும் கீழும் பார்த்தார். “சாமானெல்லாம் எங்கய்யா?”

மாடி போயிற்று என்று இக்னேஷியஸ் முடிவு கட்டிவிட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளதைச் சொன்னார்.

“எடுத்துட்டுப் போனவுக வீடு தூரமோ?” என்றார் அண்ணாச்சி.

“இதே சந்துதான்.”

“அப்பொ வாங்க, பாத்துருவோம்.”

எதிர்வீட்டில் செண்பகம் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். “ஒரலு இப்ப வராதுண்ணே, மாவு காஞ்சிடும்” என்று சொல்லி, சூடான முறுக்கு ஒன்றை அண்ணாச்சி கையில் வைத்து வாயை அடைத்தாள். அடுத்த வீட்டில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையே நிமிரவில்லை. அண்ணாச்சி முறுக்கைக் கடித்தபடி நின்று ரசித்தார். இக்னேஷியஸ் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கடைசி வீடு ஜமீலுன்னிசாவினுடையது. குழந்தை வஜீஹா இரண்டு கிளிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நடைவண்டியோடு நின்றிருந்தாள்.

“அடேயப்பா! இது ஒண்ணு போதுமே!” என்றார் அண்ணாச்சி. “மாடி உங்களுக்குத்தான். வண்டிய எடுத்துக்கிடுங்க, மொதல்ல இத வச்சிருவோம்.”

“எடுத்துக்கோங்கண்ணே, உங்க பொருளாச்சே” என்று ஜமீலுன்னிசா பதறினாள்.

இக்னேஷியஸ் குனிந்து கை நீட்டினார். விளையாட வந்திருக்கிறார் என்று வஜீஹா நினைத்தாளோ என்னவோ, பொக்கை வாயைத் திறந்து சிரித்து வண்டியைத் தள்ளினாள். கடகடவென்று சக்கரம் உருண்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. ஓர் எட்டு, இன்னோர் எட்டு, அப்புறம் பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடி கிளியைப் பிடித்து எழுந்தாள்.

இக்னேஷியஸின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க. மாடி போனாப் போவுது. இத்த இங்கருந்து எடுக்க மாட்டேன்.”

அண்ணாச்சி குழந்தையைப் பார்த்தார், கையிலிருந்த முறுக்கைப் பார்த்தார். “நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். “நம்ம வாசகசாலையில புஸ்தகத்தப் பூட்டியா வச்சிருக்கோம்? எடுத்துட்டுப் போறாக, படிச்சுட்டுக் கொண்டாறாக. மாடியிலயும் அப்படியே நடத்துங்க. சாவிய நாளைக்கி வந்து வாங்கிக்கிடுங்க.”

பொங்கலுக்குள் மியூசியம் மாடி ஏறிவிட்டது. டைப்ரைட்டிங்காரர் லஸ் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார். போர்டில் ‘தொடாதீர்கள்’ என்ற சொல்லை இக்னேஷியஸ் இழைத்துத் தள்ளிவிட்டு, ‘கேட்டு எடுத்துப் போங்கள்’ என்று செதுக்கினார். சுழிகள் முன்னைவிட நன்றாகவே வந்தன. கூடத்தின் நடுவில் நடைவண்டிக்கென்று ஒரு மேடை போட்டார். அதன்மேல் வண்டி இருந்து பார்த்தவர்கள் குறைவு. வஜீஹாவிடமிருந்து செண்பகத்தின் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. வருகிறவர்களுக்கு அந்த வெறும் மேடையைத்தான் அவர் முதலில் காட்டுவார்.

ஒருநாள் வெள்ளைத்துரை மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அவர் மகனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது.

“இன்னா நைனா, உயிர் காலேஜ்ல வண்டி கீதா?”

இக்னேஷியஸ் உளியைக் கீழே வைத்தார். அவர் காதில் விழுந்த பெயர் சரிதானா என்று ஃப்ளோராவைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இல்லப்பா,” என்றார். “அடையாறுல நடந்துக்கினு கீது. வந்ததும் ஒனக்குத்தான்.”